ஓடிய நேரமும் கழிந்த நேரமும்: ஞாயிறு சைக்கிள் சவாரி பற்றி ஓர் ஆய்வு

சென்னையில் வாரத்தில் ஐந்து நாள் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தே கழிக்கும் ஓர் உயிரினம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் கவசமும் இருக்கைக்குக் கீழே மினுக்கும் சிவப்பு விளக்குமாகத் திருவான்மியூரிலிருந்து தெற்கு நோக்கிக் கிளம்புகிறது. முற்பகலில் அதே வழியாகத் திரும்பி வருகிறது. குளிக்கிறது. வெங்காயம் உரிக்க உதவுவதுபோல் சிறிது நேரம் சமையலறையில் நிற்கிறது. பிறகு மாலை வரை தூங்குகிறது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளை ஆண்டுதோறும் எண்ணிக் கணக்கெடுக்கும் அறிவுலகம், அதே மாவட்டத்துக்குள் வாரந்தோறும் நடக்கும் இந்த வலசைக்கு உரிய மரியாதையைத் தரவில்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்ததே இந்த ஆய்வு.

ஆய்வு வினா எளிமையானது: திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது? தூரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஓட்டியவரைக் கேட்டால் நாலு மணி நேரம் என்கிறார். வீட்டில் இருப்பவரைக் கேட்டால் ஆறரை மணி நேரம் என்கிறார். இருவரும் படித்தவர்கள், இருவரிடமும் கடிகாரம் இருக்கிறது, இருவரும் பொய் சொல்லவில்லை. இந்த இரண்டரை மணி நேர வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதே இங்கே ஆராயப்படுகிறது. சைக்கிள் இதில் துணைப் பாத்திரம்தான்.

வரலாற்றுப் பின்புலம்

ஞாயிறு சவாரிக்கு மூன்று பொருள்கள் வேண்டும். விழுந்தால் பல் போகாத வண்டி, முதுகெலும்பைக் குலுக்காத டயர், வேலை இல்லாத ஒரு நாள். மூன்றும் ஐந்தே ஆண்டு இடைவெளியில் கிடைத்தன என்பதை இதுவரை யாரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. 1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு. பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு செயின். அதற்கு முன் இருந்தது ஆள் உயர முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்காரும் வண்டி. அதிலிருந்து விழுவதற்குத் தலையே முந்திக்கொள்ளும். 1888-இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டி கல்பாவிய தெருவில் கடகடப்பதைப் பொறுக்காமல் ரப்பர் குழாயில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். (காற்றடைத்த டயருக்கு ராபர்ட் தாம்சன் 1840-களிலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஏற்ற வண்டி வராததால் அந்த யோசனை நாற்பது ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.)

மூன்றாவது பொருளுக்கான போராட்டம் நம் நாட்டில் நடந்தது. நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டு போராடியதன் பலனாக, 1890 ஜூன் 10 அன்று பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. மறு ஆண்டு வந்த தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையைச் சட்டமாக்கியது. இன்றைய ஓட்டுநர் சட்டகம் என்ன உலோகம், கியர் எந்த நாட்டுக்காரன் செய்தது என்பதையெல்லாம் நாள் முழுக்கப் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை யார் செய்தது என்று கேட்டால் விழிப்பார். ஜெர்சியின் முதுகில் நிறுவனங்களின் பெயர்களுக்கு நடுவே லோகண்டேவுக்கும் ஒரு சாண் இடம் ஒதுக்கலாம்.

முன்னாய்வுகளைத் தொட்டுக்காட்டுவது மரபு. 1894-இல் பர்மிங்காமில் தொடங்கிய கிளாரியன் சைக்கிள் சங்கத்தார் சோஷலிஸ்டுகள்; வார இறுதியில் ஊர் ஊராக ஓட்டிப்போய்ப் பிரசுரங்கள் கொடுத்தார்கள். எச்.ஜி. வெல்ஸ் 1896-இல் எழுதிய நாவல் ஒன்றில், துணிக்கடை உதவியாளர் ஒருவர் ஆண்டு முழுக்க முழம் போட்டுவிட்டுக் கிடைத்த பத்து நாள் விடுமுறையில் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார். கோட்பாட்டளவில் எல்லோரையும்விடத் துணிச்சலானவர் ஐரிஷ் எழுத்தாளர் ஃப்ளான் ஓ'பிரையன். அவர் இறந்தபின் 1967-இல் வெளியான 'த தேர்ட் போலீஸ்மேன்' நாவலில் ஒரு போலீஸ் அதிகாரி சொல்கிறார்: நெடுங்காலம் சைக்கிள் ஓட்டினால் மனிதனின் அணுக்கள் வண்டிக்கும் வண்டியின் அணுக்கள் மனிதனுக்கும் மாறிப்போகும், ஊரில் பலர் பாதி சைக்கிளாகிவிட்டார்கள். இந்தக் கருத்தை இந்த ஆய்வு முழுமையாக ஏற்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை அலுவலக நாற்காலியில் ஒருவர் பார்த்துப் பார்த்து உட்காருவதைக் காணும்போது, பரிமாற்றம் ஒரு குறிப்பிட்ட இடத்திலாவது நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிலமும் பொழுதும்

சைக்கிளைக் கண்ணால் காணாத தொல்காப்பியர் இதற்கு இலக்கணம் வகுத்துவைத்திருக்கிறார். நிலம் நெய்தல். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி, கானத்தூர், முட்டுக்காடு, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று இடக்கைப் பக்கம் கடல் கூடவே வருகிறது. மதில்களும் விடுதிகளும் விட்டுவைத்த இடங்களில் கண்ணுக்கும் தெரிகிறது. பொழுதோ வைகறை; அது மருதத்துக்கு உரியது. இது பிழை அல்லவா என்று மாணாக்கர் கேட்கலாம். நிலத்தோடு நிலம் மயங்காது, பொழுது மயங்கலாம் என்பது தொல்காப்பியர் தந்த விலக்கு. ஆகவே திணைமயக்கம் என்று அமைதி கொள்க.

விளைவு பெரிது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வந்து சேர்கின்றன. இரங்கல், திரும்பும் வழியில் கோவளத்துக்கும் முட்டுக்காட்டுப் பாலத்துக்கும் நடுவே, எதிர்காற்றில், தண்ணீர் தீர்ந்த நிலையில் நிகழ்கிறது. ஊடல் வீட்டு வாசலில். கருப்பொருள்களை வரிசைப்படுத்துவது எளிது: உணவு நெய்ப் பொங்கல், விலங்கு தெருநாய், பறை வண்டியில் மணி இல்லாததால் "அண்ணா, ஓரம்!" என்னும் குரல், தொழில் பஞ்சர் ஒட்டுதல். வடநெம்மேலியில் ராமுலஸ் விட்டேக்கர் 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஞாயிறு காலையில் அந்த முதலைகள் எதுவுமே செய்யாமல் கரையில் கிடக்கின்றன. வார விடுமுறையின் உண்மைப் பொருளை உணர்ந்தவை அவைதான் என்றொரு கட்சி உண்டு. வீடுகளில் அதற்கு ஆதரவாளர் அதிகம்.

பொழுதைப் பற்றி இன்னும் கொஞ்சம். மே மாதக் கடைசியில் சென்னையில் சூரியன் 5.40-ஐ ஒட்டி உதிக்கிறது. ஜனவரிக் கடைசியில் 6.35 ஆகிவிடும். நாலரை மணிப் புறப்பாடு ஜனவரியில் இரண்டு மணி நேர இருட்டுச் சவாரி. இரவு விருந்து முடிந்து விடுதிகளிலிருந்து திரும்பும் கார்களுக்கும் அதுவே நேரம் என்பதால் அந்தச் சிவப்பு விளக்கு அலங்காரமல்ல. மே மாதத்திலோ எட்டரைக்கெல்லாம் தார் கொதிக்கத் தொடங்கிவிடும். ஆக, வெயிலுக்கு முன் திரும்ப வேண்டுமென்றால் முன்கூட்டியே எழ வேண்டும். முன்கூட்டியே எழ வேண்டுமென்றால் முன்கூட்டியே படுக்க வேண்டும். இதனால்தான் சவாரி ஞாயிற்றுக்கிழமை தொடங்குவதில்லை என்ற முடிவுக்கு இந்த ஆய்வு வருகிறது. அது சனிக்கிழமை மாலை தொடங்கிவிடுகிறது. அன்று கல்யாண வரவேற்பு இருந்தால், மாப்பிள்ளையும் பெண்ணும் மேடைக்கு வருமுன் பந்தியின் முதல் வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மொய்க் கவரைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு எட்டரைக்கு அவர் மறைந்துவிடுவார். உறவினர்கள் அவருக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைக்கிறார்கள்.

உழைப்பின் அளவு

சமதளத்தில் மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகத்தில் போக, சராசரி உடல்வாகுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ 100 வாட் திறன் போதும். 90 கிலோமீட்டருக்கு நாலு மணி நேரம். ஆக மொத்தம் 400 வாட்-மணி, அதாவது 0.4 யூனிட். ஒரு சாதாரணக் கூரை மின்விசிறி 70 வாட் இழுக்கும். நாலு மணி நேரம் வியர்வை சொட்ட உழைத்தவர் உலகுக்குத் தந்த ஆற்றலில் அதே நாலு மணி நேரம் ஒரு மின்விசிறியைச் சுழற்றலாம். ஒரு சிறு விளக்கையும் கூடவே எரிக்கலாம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். அந்த 100 யூனிட்டை மிதித்தே சம்பாதிக்க வேண்டுமானால் 250 ஞாயிற்றுக்கிழமை ஆகும். ஏறத்தாழ ஐந்து ஆண்டு.

வேகத்தைக் கூட்டினால் நேரம் மிச்சமாகுமே என்பது பூர்வபட்சம். அதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது. காற்றைக் கிழித்துப் போவதற்கான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 22.5-லிருந்து 25-க்குப் போனால் காற்றுக்காகச் செலவிடும் திறன் 37 சதவீதம் கூடும். கிடைக்கும் மிச்சம் 24 நிமிடம். இரண்டாவது காபி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தவர்களுக்கு, இந்த 24 நிமிடம் எங்கே போகிறது என்பது தெரியும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றுத் தடையில் கணிசமான பங்கு குறைகிறது. மாமல்லபுரம் வரை ஒருமுறைகூட முன்னால் வராத நண்பர் ஒவ்வொரு குழுவிலும் இருப்பதற்கு இதுவே அறிவியல் காரணம்.

காற்றின் திசையும் மாறிக்கொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். ஓட்டுகிறவர் தன் கால்களின் வலிமையை வியந்துகொள்வார். திரும்பும்போது அந்த வியப்பு வட்டியோடு வசூலிக்கப்படும். கோடையில் தென்திசைக் காற்று வலுப்பதால் திரும்பும் வழி சுலபம், ஆனால் வெயில் கணக்கை நேர் செய்துவிடும். எந்த மாதமானாலும் கடைசி 20 கிலோமீட்டர் கசப்புத்தான்.

பஞ்சரைப் பற்றிச் சுருக்கமாக. அது பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் ஆகும். உடல் எடையில் பெரும்பங்கு அங்கே இறங்குகிறது. சாலையில் படுத்துக்கிடக்கும் கம்பித் துண்டை முன்சக்கரம் எழுப்பி நிறுத்த, பின்சக்கரம் வாங்கிக்கொள்கிறது. பின்சக்கரத்தில்தான் செயினும் கியரும் இருப்பதால் கழற்றும்போது கை முழுக்கக் கருப்பு எண்ணெய். சாலையோரப் பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியும் சொல்யூஷனும் பேட்சும் வைத்துக்கொண்டு லாரி டயரையே அநாயாசமாகக் கையாளுகிறவர். அவர் முன்னால் அரை லட்சம் ரூபாய் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், ஊசிபோல் மெலிந்த பிரெஸ்டா வால்வைப் பார்த்துவிட்டு, தன் பம்பையும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்குகிறார். சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்று இருந்தால் தீரும் சிக்கல். அது எப்போதும் இன்னொரு பையில், வீட்டில் இருக்கிறது. இதற்கு முக்கால் மணி நேரம் எழுதிக்கொள்க.

சிற்றுண்டியியல்

மனிதத் தசை, உணவிலிருந்து பெறும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவானதையே இயக்கமாக மாற்றுகிறது; மிச்சம் வெப்பமாகப் போகிறது. அந்தக் கணக்கில் 0.4 யூனிட் மிதிப்புக்குச் செலவாவது ஏறத்தாழ 1,400 கலோரி. நெய்ப் பொங்கல், இரண்டு வடை, ஒரு மசாலா தோசை, 'பாதி உனக்குப் பாதி எனக்கு' என்று வாங்கி முழுதாகத் தின்ற பூரி, இரண்டு காபி: இந்த 1,400-இல் பெரும்பகுதியை ஒரே மேசையில் மீட்டுவிடலாம். உடல் இளைப்பதற்காகத் தொடங்கியவர்கள் மூன்றாம் ஆண்டில் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குள் பழக்கமாகிவிட்டபடியால் நோக்கத்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

இந்த மேசையில் நடப்பது உணவு மட்டுமல்ல. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து, யார் எவ்வளவு வேகம், போன மாதத்தைவிட எவ்வளவு முன்னேற்றம், அடுத்த காலாண்டில் இலக்கு என்ன என்று பேசுகிறார்கள். சீருடை உண்டு. தாமதமாக வந்தவருக்கு விசாரணை உண்டு. கைப்பேசியில் வரைபடத்தைத் திருப்பிக் காட்டும் ஒருவர் உண்டு. அலுவலகத்தை மறக்கக் கிளம்பியவர்கள் அலுவலகத்தைத்தான் கோவளத்துக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று பரிமாறுகிறவருக்குத் தோன்றலாம். மேலதிகாரி மட்டும் இல்லை. அது பெரிய வித்தியாசம் என்பதை ஒப்புக்கொள்வோம்.

இதே சாலையில் இன்னோர் இனமும் அதே நேரத்தில் ஓட்டுகிறது. இருபது கிலோ எடையுள்ள கருப்பு வண்டி, ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு, கேரியரில் சிமென்ட் படிந்த மண்வெட்டி. கட்டடம் எழும் மனைக்கு ஏழு மணிக்குள் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையா என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. லோகண்டே வாங்கித்தந்த நாள் இன்னும் அவர் வரைக்கும் வந்து சேரவில்லை. எதிர்காற்றில் குனிந்து தவிக்கும் ஜெர்சிக்காரரை அவர் நிமிர்ந்த முதுகோடு, ரப்பர் செருப்போடு, சாவகாசமாகத் தாண்டிப் போவதைப் பார்த்தவர்கள் உண்டு. தாண்டப்பட்டவர்கள் அதை மேசையில் சொல்வதில்லை.

பெண்கள் தரப்பையும் சேர்க்காமல் ஆய்வு நிறைவுறாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றபோது, அது வேலையிலிருந்து தப்பும் வழியாக அல்ல, வேலைக்குப் போகும் வழியாகவே வந்தது. தண்ணீர்க் குடம், குழந்தை, சந்தைச் சுமை எல்லாம் அந்தக் கேரியரில் ஏறின. இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெண் ஓட்டுநர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டார்கள். சனிக்கிழமை அவள், ஞாயிற்றுக்கிழமை அவன் என்று முறைவைத்து ஓட்டும் தம்பதிகளும் உண்டு. மற்ற வீடுகளில் ஒருவர் பால் காய்ச்சிக் குழந்தையை எழுப்புவதால்தான் இன்னொருவர் முட்டுக்காட்டுப் பாலத்தில் சூரியோதயத்தைப் படம் எடுக்கிறார்.

மலையேறுகிறவர்கள் தனி நூலுக்கு உரியவர்கள். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36, கொல்லிமலைக்கு 70. அவர்களுக்கு ஞாயிறு போதாது. வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்தில் லேசான காய்ச்சல் தேவைப்படுகிறது.

இரண்டு கடிகாரங்கள்

இப்போது ஆய்வு வினாவுக்கு வருவோம். 2009-இல் தொடங்கிய ஸ்ட்ராவா என்னும் செயலி, ஒவ்வொரு சவாரிக்கும் இரண்டு நேரங்களைக் காட்டுகிறது. ஒன்று ஓடிய நேரம்: சக்கரம் உருண்ட நேரம் மட்டும். வண்டி நின்றால் கடிகாரமும் நின்றுவிடும். மற்றொன்று கழிந்த நேரம்: புறப்பாட்டிலிருந்து முடிவு வரை, இடையில் என்ன நடந்தாலும். ஓட்டுகிறவர் முன்னதை நம்புகிறார். பொங்கலும் பஞ்சரும் பாலத்துப் படமும், 'ரெண்டே நிமிஷம்' என்று நின்ற இளநீர்க் கடையும் அதில் கிடையாது. வீட்டில் இருப்பவர் சுவர்க் கடிகாரத்தை நம்புகிறார். அதில் எல்லாம் உண்டு. ஊடலின் வேர் இதுதான்.

இடைவெளியைக் கைப்பேசி மேலும் பெரிதாக்குகிறது. "எங்க இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "உத்தண்டி வந்துட்டேன்" என்று பதில் வந்தால் ஆள் கானத்தூரில் இருக்கிறார். கானத்தூர் என்றால் முட்டுக்காடு. சொல்லப்படும் ஊர், நிற்கும் ஊரைவிட எப்போதும் ஓர் ஊர் வடக்கே இருக்கும். கோவளத்தில் இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும் இந்த விதி தளர்ந்து, நேராக நீலாங்கரை ஆகிவிடுகிறது.

எந்தக் கடிகாரம் சரி என்று தீர்ப்புச் சொல்ல, இரு தரப்புக்கும் வேண்டாத மூன்றாவது ஆள் தேவை. அவர் பாரிஸில் கிடைக்கிறார். நெடுந்தூர சைக்கிள் சவாரிக்கு உலகம் முழுக்க விதி வகுக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன், 'பிரெவே' என்னும் சவாரிகளுக்குக் கால வரம்பு வைத்திருக்கிறது: 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. 1891-இல் முதன்முதலாக நடந்து, இன்று நாலாண்டுக்கு ஒருமுறை வரும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் சவாரியில் 1,200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம். இந்த வரம்புகளில் சாப்பாடு, பஞ்சர், தூக்கம், மரத்தடியில் உட்கார்ந்து பிறந்த நேரத்தை நொந்துகொள்வது எல்லாம் அடக்கம். கடிகாரம் எதற்காகவும் நிற்காது. அந்த 600 கிலோமீட்டர் வரம்பைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது: சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் ஞாயிறு இரவு பத்து மணிக்குள் முடித்தாக வேண்டும். திங்கட்கிழமை பிறக்க இரண்டு மணி நேரம் பாக்கி. வேலைக்குப் போகிறவரின் வாரத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்த விதி இது.

உலகத்தின் மிகக் கடுமையான சைக்கிள் நீதிமன்றம் கழிந்த நேரத்தையே ஏற்கிறது. ஓடிய நேரத்தை ஏற்பதில்லை. வழக்கு வீட்டுக்குச் சாதகமாகத் தீர்க்கப்படுகிறது. செலவுத் தொகையாக ஒரு பார்சல் வடையும் அனுமதிக்கப்படுகிறது. ஓட்டுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை இரவு 'எத்தனை மணிக்கு வருவீங்க' என்று வீட்டில் கேட்டால், பொங்கலையும் பஞ்சரையும் சேர்த்து ஒரு நேரம் சொல்லிவிட்டுப் படுங்கள். பத்தரை என்று சொல்லிவிட்டுப் பத்தரைக்கு வருகிறவரை எந்த வீட்டிலும் யாரும் எதுவும் கேட்பதில்லை.